மலை நாள் பார்ப்பது எப்படி: செங்குத்து ஏற்றங்களுக்குப் புதிதாக வரும் ரசிகர்களுக்கு

"இன்றைக்கு ஆங்லிரு ஏறுகிறார்கள், விட்டுடாதே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு முதல் தடவையாக ஒரு சைக்கிள் பந்தயத்தின் மலை நாளைப் பார்க்க உட்கார்ந்திருப்பீர்கள் (ஆங்லிரு ஸ்பெயினில் இருக்கும் செங்குத்தான ஒரு ஏற்றம்). மூன்று மணி நேரம் நூற்றைம்பது பேர் கூட்டமாகப் பள்ளத்தாக்கில் ஓட்டுவார்கள், வர்ணனையாளர் வழியில் வரும் கோட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், கடைசி அரை மணி நேரத்தில் ஆளாளுக்குத் தள்ளாடுவார்கள், ஒருவர் கையைத் தூக்குவார், முடிந்தது. பக்கத்தில் இருக்கும் ரசிகர் "அடேங்கப்பா, என்ன நாள்!" என்பார். இன்னொருவர் "சுத்த வேஸ்ட், கடைசி வரைக்கும் ஒருத்தன் அசையலையே" என்பார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே பந்தயத்தைத்தான்.

அந்தச் சண்டையில் நீங்களும் கலந்துகொள்ளும் அளவுக்கு உங்களைத் தயார்படுத்துவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். செங்குத்தான மலை இருந்தால் நல்ல பந்தயம் கிடைக்கும் என்பது பாதி உண்மைதான். அந்த மலை அன்றைய பாதையில் எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்பதுதான் மீதிப் பாதி, பெரிய பாதியும் அதுதான்.

முதல் படி: எதற்காக ஏறுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மே மாதம் ஜிரோ டி இத்தாலியா, ஜூலையில் டூர் டி பிரான்ஸ், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடியும் ஸ்பெயினின் வுவெல்ட்டா. மூன்றும் 21 கட்டங்கள், ஒவ்வொன்றும் மூன்று வாரம். தினம் ஒரு கட்டம், தினம் ஒருவர் ஜெயிப்பார், ஆனால் எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து யாருக்குக் குறைவோ அவர்தான் மொத்தப் பந்தயத்தின் வெற்றியாளர். டூரில் மஞ்சள் ஜெர்சி, ஜிரோவில் ரோஸ், வுவெல்ட்டாவில் சிவப்பு.

சமதளத்தில் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், நேர வித்தியாசமே வராது. மலையில்தான் வரும். தனியாகக் கடிகாரத்தோடு ஓடும் நாட்களை விட்டுவிட்டால், மூன்று வாரப் பந்தயம் முடிவாவது பெரும்பாலும் நாலைந்து மலை நாட்களில்தான்.

ஆனால் ஒரு மலை நாளில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பந்தயங்கள் நடக்கும். முன்னால் தப்பித்துப் போன சிலர் அன்றைய வெற்றிக்காக ஓட்டுவார்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு வெற்றி கூட வேண்டாம், வழியில் வரும் மலையுச்சிகளில் புள்ளி பொறுக்கினால் போதும் (டூரில் அதற்கு வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சி, வுவெல்ட்டாவில் வெள்ளையில் நீலப் புள்ளி, ஜிரோவில் முழு நீலம்). நடுவில் மொத்த நேரத்துக்காகப் போராடும் தலைவர்கள். கடைசியில், மலை ஏறவே தெரியாத கனமான வேக வீரர்கள், வெளியே தூக்கிப் போட்டுவிடக் கூடாதே என்று ஓட்டுவார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: பாதையின் படத்தைப் படிப்பது

காலையில் எல்லாரும் பகிரும் அந்தப் பல்லு பல்லாக இருக்கும் படம், அதுதான் அன்றைய பாதை. அதில் ஒவ்வொரு மலைக்கும் நீளமும் சராசரிச் சரிவும் போட்டிருப்பார்கள். 10 சதவீதம் என்றால் 100 மீட்டர் முன்னால் போகும்போது 10 மீட்டர் மேலே போகிறீர்கள், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 100 மீட்டர். பிரான்ஸின் ஆல்ப் தியூஎஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், 8.1 சதவீதம், மனக்கணக்காகப் போட்டாலே சுமார் 1,120 மீட்டர் உயரம் என்று வந்துவிடும்.

சராசரி என்பதில்தான் ஏமாறுவோம். நான் முதலில் ஆங்லிருவைப் பார்த்தபோது "12.5 கிலோமீட்டர், 10 சதவீதத்துக்குப் பக்கம், சரி, கஷ்டம்தான், ஆனால் இதற்கா இவ்வளவு கூச்சல்" என்று நினைத்தேன். அந்த மலையின் முதல் பாதி சாதாரணமானது, நடுவில் கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட சமதளமே வருகிறது. அந்தச் சமதளத்தையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி. அதற்கப்புறம் வரும் கடைசி 6 கிலோமீட்டர் மட்டும் எடுத்தால் சராசரி 13 சதவீதத்துக்குப் பக்கத்தில் போகிறது. உச்சிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் முன்னால் குவேன்யா லெஸ் காப்ரெஸ் என்ற இடத்தில் 23.5. அதனால் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சரிவு போட்ட படத்தைத் தேடிப் பாருங்கள். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு வாதாட வருகிறவரிடம் "எந்தப் பாதியைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

ஒரே சீராக ஏறும் மலையும் மேலும் கீழுமாக வெட்டி வெட்டி ஏறும் மலையும் வேறு வேறு ஜாதி. இத்தாலியின் ட்ஸோன்கோலன் ஓவாரோ பக்கத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், சராசரியே 12 சதவீதத்தைத் தொடுகிறது, அதிகபட்சம் 22. மூச்சு வாங்க இடமே கிடையாது. பிரான்ஸின் கோல் தெ லா லோஸ் அப்படியில்லை, உச்சிக்கு முந்தைய கடைசிக் கிலோமீட்டர்கள் திடீரென்று நிமிரும், திடீரென்று தளரும், மறுபடி நிமிரும். சீரான மலையில் சீராக மிதிக்கத் தெரிந்தவர் பிழைப்பார். வெட்டி ஏறும் மலையில், தளர்ந்த இடத்தில் சட்டென்று தேறிக்கொள்ளத் தெரிந்தவர்.

படத்தில் 4, 3, 2, 1 என்று தரம் போட்டிருக்கும், எண் குறையக் குறைய மலை பெரிது. எல்லாவற்றுக்கும் மேலே டூரில் "எச்.சி.", தரத்துக்கே அடங்காதது என்று அர்த்தம். இந்தத் தரத்தை ரொம்ப நம்ப வேண்டாம். ஏற்பாட்டாளர்கள் புள்ளிப் போட்டி சூடாக இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். ஜிரோவில் எச்.சி. கிடையாது; அந்த வருடத்தின் மிக உயரமான கணவாய்க்குச் சிமா கோப்பி என்று பெயர் வைத்து அதிகப் புள்ளி கொடுப்பார்கள்.

மூன்றாம் படி: மலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இதைத்தான் ஆரம்பத்தில் பெரிய பாதி என்று சொன்னேன்.

ஒரே ஒரு கொடூரமான ஏற்றம், அதுவும் கடைசியில், அதற்கு முன்னால் வெறும் சமதளம் என்றால் என்ன நடக்கும்? எல்லாருக்கும் அந்த ஏற்றத்தின் மேல் பயம். யாரும் அதற்கு முன்னால் ஒரு துளி சக்தியைக் கூடச் செலவழிக்க மாட்டார்கள். ஏற்றத்துக்குள் வந்த பிறகும், இன்னும் செங்குத்தான இடம் மேலே இருக்கிறதே என்று காத்திருப்பார்கள். 2020 வுவெல்ட்டாவில் ஆங்லிரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் பயங்கரமான ஏற்றங்களில் ஒன்று, ஹியூ கார்த்தி அருமையாக ஜெயித்தார், ஆனால் சிவப்பு ஜெர்சிக்காக மோதிய ரிச்சர்ட் காரபாஸுக்கும் பிரிமோஸ் ரோக்லிச்சுக்கும் நடுவில் அன்றைக்கு வந்த வித்தியாசம் வெறும் 10 விநாடி. 2023-இல் அதே மலையில் ரோக்லிச்சும் யோனாஸ் விங்கெகார்டும் ஒன்றாக வந்தார்கள், அவர்களுடைய அணியிலேயே இருந்த செப் குஸ் சில விநாடிகள் பின்னால். (தலைமையில் இருந்த குஸ்ஸைச் சொந்த அணிக்காரர்களே விட்டுவிட்டுப் போகலாமா என்று அன்று ரசிகர்கள் போட்ட சண்டைதான் பந்தயத்தை விடச் சூடாக இருந்தது.)

இப்போது 2022 டூரின் 11-ஆம் கட்டம். முடிவது கோல் டு கிரானோன், 11.3 கிலோமீட்டர், 9.2 சதவீதம். ஆங்லிருவோடு ஒப்பிட்டால் குழந்தை என்று கூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் தெலேகிராஃப், அப்புறம் 2,642 மீட்டர் உயர காலிபியே என்று இரண்டு கணவாய்கள். மஞ்சள் ஜெர்சியில் டேடேய் பொகாச்சார், பக்கத்தில் அவருக்கு உதவ ஆளே இல்லாத நேரமாகப் பார்த்து, யும்போ அணியின் ரோக்லிச் ஒரு தடவை பாய்கிறார், பொகாச்சார் விரட்டிப் பிடிக்கிறார், உடனே விங்கெகார்ட் பாய்கிறார், அதையும் பிடிக்கிறார், மறுபடி ரோக்லிச். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கிரானோனில் கடைசி 5 கிலோமீட்டர் இருக்கும்போது விங்கெகார்ட் எழுந்து மிதித்தார், பொகாச்சாரால் முடியவில்லை, ஜெர்சி ஜிப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்தே மிதித்துக்கொண்டிருந்தார். 2 நிமிடம் 51 விநாடி போனது. மஞ்சள் ஜெர்சி அன்று கைமாறியது, பாரிஸ் வரை திரும்பி வரவில்லை.

படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி மலைக்கு முன்னால் இன்னொரு பெரிய மலை இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் நீளமான பள்ளத்தாக்கு இருக்கிறதா (இருந்தால் முந்தைய மலையில் தப்பித்தவர் காற்றில் தனியாக மாட்டிக்கொள்வார், பின்னால் வருகிற குழு மாற்றி மாற்றி இழுத்துப் பிடித்துவிடும்)? முடிவு உச்சியிலா, இறக்கத்திலா? இறக்கத்தில் முடிந்தால், ஏறத் தெரிந்தவரை விட இறங்கத் தெரிந்தவருக்கு வாய்ப்பு.

நான்காம் படி: செங்குத்து என்ன செய்கிறது

சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டரில் போகும்போது வீரரின் சக்தியில் பெரும் பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதனால்தான் பின்னால் ஒட்டிக்கொண்டால் அவ்வளவு லாபம். 12 சதவீத ஏற்றத்தில் வேகம் 15-க்குப் பக்கத்தில் விழுந்துவிடும், காற்று ஒரு பொருட்டே இல்லை, எல்லாச் சக்தியும் உடம்பையும் சைக்கிளையும் தூக்குவதற்குப் போகும். இங்கே எடைதான் ராஜா. சைக்கிளின் எடையைக் குறைக்க முடியாது, 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. ஆகவே கணக்கு உடம்பில்தான்: ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட். முன்னணி வீரர்கள் அரை மணி, முக்கால் மணி நேரம் கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேல் தாங்குகிறார்கள். 62 கிலோ ஆள் என்றால் 372 வாட். ஜிம்மில் இருக்கும் சைக்கிளில் 372 வாட்டை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து "ஏன் இவன் பாயவே மாட்டேங்கிறான்" என்று கேட்க மனம் வராது.

இதிலிருந்து வருவதுதான் அணி பற்றிய ஒரு விஷயம். 6, 7 சதவீத ஏற்றத்தில் வேகம் இன்னும் 20-க்கு மேல் இருக்கும், பின்னால் ஒட்டுவதில் கொஞ்சம் லாபம் மிச்சம் இருக்கும், அதனால் பலமான அணி ஒன்று வரிசை கட்டி வேகத்தைப் பிடித்துக்கொண்டு யாரையும் பாயவிடாமல் செய்ய முடியும். அதுவே 14, 15 என்று நிமிர்ந்தால் அந்த வரிசை உடையும், தலைவர்கள் தனித்தனியாக நிற்பார்கள். செங்குத்து மலை விரும்பும் ரசிகர்களின் வாதம் இதுதான், நியாயமான வாதமும் கூட.

கியரையும் கவனியுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் போட்டால் ஒரு சுற்று மிதிக்கு சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் போகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும் நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்கலாம். முன்னால் 39, பின்னால் 25 என்றிருந்தால் அதே வேகத்துக்கு 51 சுற்று, ஒவ்வொரு சுற்றும் முழங்காலைப் பிடுங்கும். பழைய காணொளிகளில் வீரர்கள் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பாம்பு மாதிரி வளைந்து போவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சரிவைக் குறைக்க அதைத் தவிர வழி இல்லை.

ஐந்தாம் படி: எப்போது உட்காருவது, எதைப் பார்ப்பது

முழு நாளையும் பார்க்க வேண்டியதில்லை, புதியவர் பார்க்கவும் கூடாது, சலித்துவிடும். முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள், யார் தப்பித்தார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது. ஒரு தலைவரின் அணிக்காரர் அந்தத் தப்பித்த கூட்டத்தில் இருக்கிறாரா என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஜெயிக்கப் போகவில்லை, பின்னால் வரப்போகும் தன் தலைவருக்காக முன்னால் போய்க் காத்திருக்கப் போகிறார். அப்புறம் போய் வேறு வேலை பாருங்கள். கடைசிக்கு முந்தைய பெரிய மலையின் அடிவாரத்தில் திரும்பி வாருங்கள்.

கடைசி மலையின் அடிவாரத்தில் எண்ணிக்கை எடுங்கள்: ஒவ்வொரு தலைவரோடும் எத்தனை ஆள் மிச்சம்? இதுதான் அன்றைய நாளின் ஜாதகம். மூன்று பேர் இருக்கிற அணி வேகத்தைக் கூட்டும், ஒவ்வொருவராகத் தங்களை எரித்துவிட்டு ஓரமாக விலகுவார்கள். அந்த விலகல் நடக்கும் இடத்தை ரசிக்கப் பழகுங்கள். அரை மணி நேரம் முன்னால் நின்று இழுத்த ஆள், திடீரென்று மிதிப்பதை நிறுத்தியதும், நின்ற இடத்திலேயே பின்னால் போவது போல் இருக்கும்.

தலைவர்களில் யார் சாகப் போகிறார் என்பது பாய்ச்சலுக்கு முன்னாலேயே கொஞ்சம் தெரியும். தோள் இடதும் வலதும் ஆட ஆரம்பிக்கும். குழுவில் மூன்றாவதாக இருந்தவர் ஏழாவதாகப் போய்விடுவார், யாரும் கவனிக்காத மாதிரி. கண்ணாடியைக் கழற்றி ஹெல்மெட்டில் சொருகுவார், ஜிப்பைக் கடைசி வரை திறப்பார், நீட்டிய தண்ணீரை வாங்காமல் விடுவார். ஒரு அடையாளத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம், நடிப்பவர்களும் உண்டு. மூன்று சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட உறுதி.

இடைவெளியை மீட்டரில் பார்க்காமல் விநாடியில் பாருங்கள். இது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் இடைவெளி என்றால் வெறும் மூன்றரை விநாடி. ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரில் அதே 50 மீட்டர் 15 விநாடி. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும், தொட முடியாது. டூரில் கோட்டைத் தாண்டும் முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடி கழிவு வேறு உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, சமதள நாட்களில் கடைசிக் கிலோமீட்டர்களில் விழுந்தவருக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதி உச்சியில் முடியும் நாட்களில் செல்லாது. மலையில் விழுந்தால் விழுந்ததுதான்.

ஆறாம் படி: கடைசிக் கூட்டத்தை மறக்காதீர்கள்

முன்னால் ஜெயித்தவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் முப்பது நாற்பது பேர் ஒரு கூட்டமாக வந்துகொண்டிருப்பார்கள். இத்தாலியர்கள் இதை க்ருப்பெட்டோ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் பேருந்து என்பார்கள். ஜெயித்தவரின் நேரத்துக்கு மேல் இத்தனை சதவீதம் வரை என்று ஒரு எல்லை உண்டு. உதாரணத்துக்கு, முதல் ஆள் 5 மணி நேரத்தில் வந்து எல்லை 15 சதவீதம் என்றால் மற்றவர்கள் 45 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு. நாளின் கடினத்தையும் வேகத்தையும் பொறுத்து அந்தச் சதவீதம் மாறும்.

2018 டூரில் லா ரோஸியேர் நாள், வெறும் 108 கிலோமீட்டர்தான், குட்டி நாள். ஆனால் குட்டி நாளில் முன்னணி ஆட்கள் வேகமாகப் போவார்கள், எல்லையும் குறுகிவிடும். மார்க் கேவண்டிஷும் மார்செல் கிட்டலும் அன்று நேரத்துக்குள் வரவில்லை, வெளியே. மறுநாள் ஆல்ப் தியூஎஸ் நாளில் இன்னும் மூன்று பெரிய வேக வீரர்கள் பாதியிலேயே இறங்கிவிட்டார்கள். தூரத்தை மட்டும் பார்த்து "இன்றைக்குச் சுலபம்" என்று சொல்லிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கடைசி ஆட்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், செங்குத்துக்கு ஒரு எல்லை வேண்டாமா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி புதிதல்ல. 1910-இல் டூர் முதல் தடவையாகப் பெரிய பிரனீஸ் கணவாய்களுக்குள் போனபோதே, அந்த வருடம் மொத்தமாக ஜெயித்த ஒக்டாவ் லாபிஸ் ஏற்பாட்டாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தியிருக்கிறார். 2002-இல் மழையில் ஆங்லிரு ஏறிய நாளில் டேவிட் மில்லர் முடிவுக்கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று, தன் எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார், கோட்டைத் தாண்டவே இல்லை. வழுக்கும் சரிவில் அணிக் கார்களே திணறி நின்ற நாள் அது. எனக்கு அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் அந்த நாளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் ஏற்பாட்டாளர்களின் பதில்.

ஏழாம் படி: பேசும்போது

கொஞ்ச நாளில் நீங்களும் கருத்துச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். சில விஷயங்களில் நிதானம் தேவை.

ஏறிய நேரத்தை வைத்துக்கொண்டு வாட் கணக்குப் போட்டு வருவார்கள். மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்பதை வாம் என்பார்கள். ஆல்ப் தியூஎஸ்ஸை 40 நிமிடத்தில் ஏறினால் மணிக்கு சுமார் 1,680 மீட்டர். கணக்கு எளிது, பயனும் உண்டு. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது, முன்னால் எத்தனை பேர் இழுத்தார்கள், கடிகாரத்தை எந்த வளைவில் தொடங்கினார்கள் என்பதில் எல்லாம் எண் ஆடும். இதே ஆல்ப் தியூஎஸ்ஸில் மார்கோ பன்டானியின் தொண்ணூறுகள் நேரமே எங்கிருந்து அளந்தது என்பதில் இன்றும் தகராறு. அதனால் இரண்டு வருட நேரங்களை ஒப்பிட்டு "இவன் அவனை விடப் பெரியவன்" என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

ஊக்கமருந்துப் பேச்சு வரும், வராமல் இருக்காது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்ட விளையாட்டு இது. 2011 ஆங்லிருவில் ஜெயித்த ஹுவான் ஹோசே கோபோவின் வுவெல்ட்டா பட்டம் 2019-இல் கிறிஸ் ஃப்ரூமுக்குப் போனது. சந்தேகம் வைத்திருப்பது தப்பில்லை. ஒரு நல்ல ஏற்றத்தைப் பார்த்த அடுத்த நிமிடம் ஆளைக் குற்றவாளி ஆக்குவது தப்பு.

"பயந்தாங்கொள்ளி, பாயவே இல்லை" என்ற சொல்லையும் சீக்கிரம் எடுக்காதீர்கள். 2023-இல் கோல் தெ லா லோஸில் பொகாச்சார் தான் முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது; அன்று விங்கெகார்டிடம் 5 நிமிடம் 45 விநாடி இழந்தார். பாயாமல் ஒட்டிக்கொண்டு வருகிற பலர் அந்த நிலைமைக்கு அரை அடி முன்னால் இருப்பவர்கள்தான்.

சாலையோரம் போய்ப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் கூடுதலாக ஒன்று: கேமராவை நீட்டிக்கொண்டு நடுச்சாலையில் நிற்காதீர்கள். 1999-இல் ஆல்ப் தியூஎஸ்ஸில் முன்னால் தனியாக வந்த ஜூசெப்பே குவெரீனியைப் படம் எடுக்க நின்ற ஒருவர் மோதி விழ வைத்தார். குவெரீனி எழுந்து ஜெயித்துவிட்டார், அது அதிர்ஷ்டம். 2018-இல் அதே மலையில் வின்சென்சோ நிபாலி விழுந்தபோது முதுகெலும்பில் முறிவு, பந்தயத்தை விட்டே போக வேண்டியதாயிற்று.

எட்டாம் படி: எந்த நாளிலிருந்து தொடங்குவது

நடப்புப் பந்தயம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரே மலையில் நடந்த இரண்டு நாட்களைச் சொல்கிறேன், வரிசையாகப் பாருங்கள். இத்தாலியின் கோல்லே தெல்லே ஃபினெஸ்த்ரே: 18.5 கிலோமீட்டர், 9.2 சதவீதம், கடைசி 8 கிலோமீட்டர் தார் இல்லாத மண் சாலை.

முதலில் 2018 ஜிரோவின் 19-ஆம் கட்டம். ரோஸ் ஜெர்சியில் சைமன் யேட்ஸ். ஃபினெஸ்த்ரேயில் அவர் கழன்று போவதைப் பாருங்கள். அன்று அவர் இழந்தது 38 நிமிடத்துக்கும் மேல். அதே மண் சாலையில், முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போது, ஃப்ரூம் தனியாகக் கிளம்புகிறார். பின்னால் டாம் டுமூலான் சில பேரோடு துரத்துகிறார், ஆனால் இறக்கத்தில் கூட வந்த ஒருவருக்காகக் காத்திருந்து நேரத்தை விட்டார், குழுவில் இருந்த மற்ற இருவர் தங்களுக்குள் இளைஞர் ஜெர்சிப் போட்டி என்பதால் இழுக்கவே இல்லை. ஃப்ரூம் 3 நிமிடத்தில் ஜெயித்து ரோஸ் ஜெர்சியை எடுத்தார்.

அப்புறம் 2025 ஜிரோவின் 20-ஆம் கட்டம். ரோஸ் ஜெர்சியில் இசாக் டெல் டோரோ, இரண்டாவது காரபாஸ், மூன்றாவது யேட்ஸ். ஃபினெஸ்த்ரேயில் யேட்ஸ் பிரிந்து போகிறார். இங்கே மலையை விட்டுவிட்டு டெல் டோரோவையும் காரபாஸையும் பாருங்கள்: நீ துரத்து என்று இவர் அவரைப் பார்க்கிறார், நீ துரத்து என்று அவர் இவரைப் பார்க்கிறார், ஒருவரும் துரத்தவில்லை. காலையிலேயே தப்பித்துப் போயிருந்த யேட்ஸின் அணிக்காரர் வௌட் வான் ஆர்ட் மலைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறார். வான் ஆர்ட்டின் பின்னால் ஒட்டிக்கொண்டதும் யேட்ஸுக்குப் பள்ளத்தாக்கின் காற்று ஒரு பிரச்சினையே இல்லாமல் போகிறது. முடிவிடமான செஸ்ட்ரியேரில் யேட்ஸ் மற்ற இருவரை விட 5 நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து, ஏழு வருடத்துக்கு முன்னால் அதே மலையில் தொலைத்த ரோஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டார். அந்த நாளைப் பார்க்கும்போது முதல் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடாதீர்கள், வான் ஆர்ட் முன்னால் போகும் இடம் அங்கேதான் இருக்கிறது.